எல்லாக் கறுப்புக் கல்லும் பசால்ட்டா? தக்காணத்து எரிமலைப் பாறைகளைப் பிரித்துப் பார்ப்பது

சிஞ்ச்வட்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது புனே, சிஞ்ச்வட் பக்கம். மழை விட்டதும் சஹ்யாத்ரியில் நடக்கக் கிளம்பிவிடுவேன். எங்கே திரும்பினாலும் கறுப்புப் பாறைதான். யாரைக் கேட்டாலும் "பசால்ட்" (எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் நாலு கல்லும் ஒன்றோடொன்று துளிகூட ஒத்துப்போகவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

அ: எங்கள் தெருவில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது வெளியே வந்தது. நல்ல கனம், நல்ல கறுப்பு, ஓட்டையே கிடையாது.
ஆ: அதே குழிதான், ஆனால் மேல்பக்கத்தில் வந்தது. சாம்பல் கலந்த பழுப்பு. உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குள் வெள்ளைப் படிகம், ஓட்டைச் சுவரில் கரும்பச்சைப் பூச்சு.
இ: மால்ஷேஜ் காட் (மலைக்கணவாய்) போகிற வழியில், மஞ்சர் பக்கம் ரோட்டுக்காக வெட்டிய இடத்தில் கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக.
ஈ: ரயில் பாதை ஓரம். எடை குறைவு. ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, உடைந்த பக்கம் நீலப்பச்சையாக மினுக்குகிறது. ஆபீஸ் நண்பர் ப்யூமிஸ் (எரிமலை நுரைக்கல்) என்கிறார். இன்னொருவர் விண்கல் என்று அடித்துச் சொல்கிறார்.

எது எது என்ன?

பாறைமணி:
எங்கே எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு நன்றி. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பலர் வெறும் படத்தைப் போட்டு "இது என்ன கல்" என்று கேட்பார்கள். இடம் தெரியாமல் எரிமலைப் பாறைக்குப் பெயர் வைப்பது ரொம்பக் கஷ்டம்.

நாலு கல்லிலும் ஒரு மூலையை உடைத்து, உடைந்த முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். நீங்கள் காட்டியிருப்பது வெளித்தோல். பல வருஷம் மழையும் வெயிலும் பட்ட தோலில் இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாகியிருக்கும், பாசியும் படிந்திருக்கும். அந்த நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு கண்ணுக்குத்தான் பாயும். கோட்டைகளிலும் குகைக் கோயில்களிலும் சுத்தியலை வெளியே எடுக்கவே கூடாது, அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

அ, ஆ இரண்டைப் பற்றி இப்போதே சொல்லலாம். இரண்டும் ஒரே எரிமலைக் குழம்பிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால் தக்காணத்தில் நிலம் நீள நீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு வழிந்து பரவியது. கூம்பு மலை வெடித்துச் சிதறிய கதை இங்கே பெரும்பாலும் கிடையாது. அடுக்கின் மேல் அடுக்காகப் படிந்து, இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அப்படிப் பரவிய ஒவ்வொரு அடுக்கிலும் வாயு மேலே ஏறும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவில் குமிழி மேலே வந்து உடைவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். மேல்பக்கம் சீக்கிரம் இறுகிவிடுவதால் குமிழிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நடுப்பகுதி மெதுவாக ஆறும், அங்கே ஓட்டை இருக்காது. அதனால் உங்கள் குழியில் மேலே ஆ, கீழே அ. கல் வகை ஒன்றுதான், அடுக்கில் இருந்த உயரம் வேறு.

அடிப்பக்கமும் கவனிக்க வேண்டியது. அடுக்கு தரையைத் தொட்ட இடத்தில் பென்சில் கனத்தில் செங்குத்தான குழாய் ஓட்டைகள் இருக்கும். சில இடங்களில் அவை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். குழம்பு எந்தத் திசையில் ஓடியது என்பதை அந்தச் சாய்வு காட்டிக்கொடுக்கும்.

ரசாயன டீச்சர்:
ஓட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் படிகத்தில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். நுரைக்காவிட்டால் சியோலைட்டாகவோ (பாறை ஓட்டைகளில் வளரும் ஒரு கனிமக் குடும்பம்) குவார்ட்ஸாகவோ (படிகக்கல்) இருக்கலாம். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், சியோலைட் கீறாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றாதீர்கள். அதில் சியோலைட்டும் பாதிக்கப்படும், உங்கள் மூக்கும்தான்.

வினிகர் வலுவில்லாதது. கால்சைட்டாக இருந்தாலும் நுரை லேசாகத்தான் வரும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பொடிப் பொடியாகக் குமிழி கிளம்புவது தெரியும்.

சேலத்து மண்:
நல்ல இழை. நடுவில் ஒரு கேள்வி. எங்கள் ஊர் வீட்டு அஸ்திவாரம், கோயில் தூண், அம்மிக்கல் எல்லாமே கருங்கல்தான். அதுவும் எரிமலைக் கல்லா? பார்க்க அப்படியே இவர் போட்ட அ மாதிரிதான் இருக்கிறது.

பாறைமணி:
இல்லை சேலத்தாரே. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது சார்னோக்கைட், நைஸ், கிரானைட் வகைகள். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. தக்காணப் பாறையைவிடப் பல மடங்கு பழையவை. சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருப்பது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகை. அவர் பெயரையே 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைக்கு வைத்தார்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். சார்னோக்கைட்டை உடைத்தால் மணிமணியாகத் தெரியும். எண்ணெய் பூசிய மாதிரி ஒரு பச்சை கலந்த பளபளப்பு, நடுவில் நீலச்சாம்பல் குவார்ட்ஸ். தனித்தனி மணியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பசால்ட்டில் அது முடியாது. பத்து மடங்கு லென்ஸ் வைத்தாலும் மினுக் மினுக்கென்று ஊசி முனை அளவில்தான் ஃபெல்ஸ்பார் என்ற வெளிர் கனிமம் தெரியும். வெளியே கொட்டிய குழம்பு சீக்கிரம் ஆறிவிடுவதால் படிகங்களுக்கு வளர நேரம் கிடைக்காது.

நடுத்தரமாக ஒன்று உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் "பிளாக் கிரானைட்" என்று வெட்டி ஏற்றுமதி செய்கிறார்களே, அதில் பெரும்பகுதி டாலரைட். கலவை பசால்ட்டுடையதுதான். ஆனால் குழம்பு மேலே வராமல் பாறைப் பிளவுக்குள்ளேயே சுவர் மாதிரி நின்று ஆறியது. அதனால் மணி கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது கிரானைட்டும் இல்லை, எரிமலையிலிருந்து வெளியே கொட்டியதும் இல்லை.

உடுப்பிக்காரன்:
எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பாருங்கள், இந்தச் சந்தேகமே வராது. மல்பேயிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். ஆறு பட்டை, ஐந்து பட்டை என்று செதுக்கி நட்டு வைத்த மாதிரி தூண் தூணாகப் பாறை. பசால்ட் என்றால் தூண், தூண் என்றால் பசால்ட். பயணக் கையேடு, படகுக்காரர், இணையதளம் எல்லாம் ஒரே குரலில் சொல்வதும் அதையேதான்.

பாறைமணி:
நண்பரே, இந்த ஒன்றில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். தூண் வடிவம் வந்தது குழம்பு ஆறிச் சுருங்கியதால். எந்தக் குழம்பாக இருந்தாலும் சீராக ஆறினால் இப்படிப் பட்டை பட்டையாக விரிசல் விடும். அயர்லாந்தில் ஜயன்ட்ஸ் காஸ்வே பசால்ட். அமெரிக்காவில் டெவில்ஸ் டவர் ஃபோனோலைட் என்ற வேறொரு எரிமலைப் பாறை. மும்பை அந்தேரியில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கில்பர்ட் குன்று பசால்ட். உங்கள் செயின்ட் மேரீஸ் தீவுகளில் இருப்பதோ ரியோலைட், ரியோடேசைட் வகை. சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) பசால்ட்டைவிட மிகவும் கூடுதல்.

அதன் வயதும் வேறு. சுமார் 8.5 முதல் 9 கோடி ஆண்டு, அதாவது தக்காணக் குழம்பு கொட்டுவதற்கு வெகு காலம் முன்பு. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தோடு அது சேர்ந்தது. "பசால்ட்" என்று ஒட்டிவிட்டுப் போனால் அந்தக் கதை முழுக்க மறைந்துபோகிறது. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

உடுப்பிக்காரன்:
ஆனால் சார், கண்ணால் பார்க்கும்போது அது கறுப்பாகத்தானே இருக்கிறது? ரியோலைட் வெளிர் நிறம், பசால்ட் கரு நிறம் என்றுதான் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

பாறைமணி:
பொதுவாக அது சரி. சிலிக்கா 45 முதல் 52 சதவீதம் இருந்தால் பசால்ட். அதற்கு மேல் 63 வரை ஆண்டிசைட், அப்புறம் டேசைட், 70-ஐ நெருங்கும்போது ரியோலைட். சிலிக்கா ஏற ஏற இரும்பும் மெக்னீசியமும் குறையும், நிறமும் வெளுக்கும். ஆனால் நுண்மணிப் பாறையில் நிறம் ஏமாற்றும். கொஞ்சம் மாக்னடைட் (காந்த இரும்புத் தாது) பொடி கலந்திருந்தாலே கல் முழுக்கக் கருத்துத் தெரியும். அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியைப் பாருங்கள். பெரும்பாலும் ரியோலைட் கலவைதான், ஆனால் அட்டைக் கறுப்பு. கடலோரப் பாறையில் இதற்கு மேல் பாசியும் உப்பும் ஏறியிருக்கும்.

உடுப்பிக்காரன்:
அப்படியானால் கண்ணாலும் சொல்ல முடியாது, வடிவத்தாலும் சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துத்தான் பெயர் சொல்வது?

பாறைமணி:
நியாயமான கேள்வி. துறையில் இருப்பவர்களும் களத்தில் தற்காலிகப் பெயர்தான் வைப்பார்கள். "நுண்மணிக் கரும் எரிமலைப் பாறை" என்று குறித்துக்கொண்டு, கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பார்த்த பிறகுதான் பெயர் நிலைக்கும். வீட்டில் இருப்பவர் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் எடையும் இடமும் சேர்ந்தால் முக்கால்வாசி பிடித்துவிடலாம். எடை பார்க்கும் முறையை டீச்சர் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரசாயன டீச்சர்:
சொல்கிறேன். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் கல்லைச் சும்மா எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, கல்லின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

ஓட்டை இல்லாத பசால்ட் 2.8 முதல் 3 வரை வரும். ரியோலைட் 2.4 முதல் 2.6. ஓட்டைக் கல்லை முதல் நாள் இரவே ஊறப் போட்டுவிட்டுப் பாருங்கள். ஊறினாலும் அடைபட்ட குமிழிகளுக்குள் தண்ணீர் போகாது. ஆகவே ஓட்டைக் கல்லுக்கு இந்த எண்ணை வைத்து வகை சொல்லக் கூடாது.

மாட்டுங்கா மாமி:
மும்பைக்காரி என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். கேட்வே ஆஃப் இந்தியா கட்டிய கல்லைக் கையேடுகளில் "மஞ்சள் பசால்ட்" என்று எழுதியிருப்பார்கள். மாலாட் பக்கம் கரோடியில் வெட்டியது. அந்தக் கரையோரம் முழுக்க, மனோரி, கோராய் வரைக்கும் டிராக்கைட், ரியோலைட் என்று சிலிக்கா கூடிய எரிமலைப் பாறைகள் உண்டு. ராஜாபாய் கடிகாரக் கோபுரத்தின் குர்லா கல்லும் இளமஞ்சள்தான். எரிமலைக் கல் என்றாலே கறுப்பு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மும்பை ஃபோர்ட் பகுதியில் கட்டடங்களை ஒட்டி நடந்து பார்க்க வேண்டும். கறுப்பும் மஞ்சளும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கும். போலீஸ்காரர் விரட்டாத தூரத்தில் நின்று லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், மஞ்சள் கல்லுக்குள் வேறு கல்லின் துண்டுகள் சிக்கிக் கிடப்பது கூடத் தெரிகிறது.

எல்லோரா போகிறவர்கள் சிற்பத்தோடு சேர்த்துப் பாறையையும் பாருங்கள். கைலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகக் குடைந்த சிற்பிகள் தொட்டது இந்தக் குழம்பு அடுக்குகளைத்தான். ஓட்டை இல்லாத நடுப்பகுதியில் வேலைப்பாடு எவ்வளவு கூர்மையாக நிற்கிறது, ஓட்டைப் பகுதியில் எப்படி மழுங்கிப் போகிறது என்று நேரிலேயே தெரியும்.

பாறைமணி:
மாமி சொன்னது ரொம்ப முக்கியம். சிற்பிகளுக்கு எந்த அடுக்கு வாகானது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. கண்டாளா காட் வெட்டுகளில் கறுப்பு அடுக்குகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். ஒரு குழம்பு கொட்டி அடுத்தது வருவதற்கு இடையில், மேற்பரப்பு மக்கி மண்ணாகும் அளவுக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கையால் நெருடினாலே உதிரும். அதைப் பொறுக்கி வந்து "சிவப்பு எரிமலைக் கல்" என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போது இ. வெள்ளைக் குச்சிகள் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார். குழம்பு மேலே வருவதற்கு முன்பே பூமிக்குள் ஓர் அறையில் வெகு நாள் தங்கி, அங்கே இந்தப் படிகங்கள் வளர்ந்தன. மேலே வந்ததும் மீதிக் குழம்பு சட்டென்று இறுகிவிட்டது. அதனால்தான் பெரிய குச்சி, நுண்மணி உடம்பு. இதற்குப் பெருங்குச்சி பசால்ட் என்றே ஒரு தனி அடையாளம் உண்டு. நாசிக், இகத்புரி, மஞ்சர் பக்கத்து அடுக்குகளில் சில குறிப்பிட்ட உயரங்களில் மட்டும் வரும். அடுக்கு எண்ணுகிறவர்களுக்கு இது மைல்கல். ஒரு மலையில் அதைக் கண்டுபிடித்தால் எதிர் மலையில் அதே அடுக்கைத் தேடிப் பிடித்துவிடலாம். உங்கள் நாலு கல்லில் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இதைத்தான்.

சிஞ்ச்வட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மூலை உடைத்த படங்கள் போட்டாயிற்று. எடையும் போட்டேன்.

அ: 486 கிராம், தண்ணீரில் 166. அடர்த்தி 2.93.
ஆ: ஊறவைத்து, 351-க்கு 143. அடர்த்தி 2.45.
இ: 405-க்கு 141. அடர்த்தி 2.87.
ஈ: 212-க்கு 97. அடர்த்தி 2.19. தண்ணீரில் போட்டதும் நேரே மூழ்கிவிட்டது.

ஆ-வின் வெள்ளைப் படிகம் வினிகருக்கு அசையவே இல்லை. கண்ணாடியையும் கீறவில்லை. லென்ஸில் பார்த்தால் நடுவில் இறுக்கிக் கட்டிய கதிர்க்கட்டு மாதிரி, இரண்டு முனையும் விரிந்து நிற்கிறது. முகத்தில் முத்துப் பளபளப்பு. காந்தத்தை நூலில் கட்டிக் கிட்டே கொண்டுபோனால் அ, இ இரண்டும் லேசாக இழுக்கின்றன. ஈ-யில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பட்டென்று ஒட்டுகிறது.

ரசாயன டீச்சர்:
கதிர்க்கட்டு வடிவம், முத்துப் பளபளப்பு, நுரை இல்லை, கண்ணாடியைக் கீறவில்லை. ஸ்டில்பைட். சியோலைட் குடும்பம்.

பாறைமணி:
டீச்சர் சொன்னதேதான். பாறை இறுகிய பிறகு அதன் ஓட்டைகள் வழியே சுடுநீர் ஊறி ஊறி இந்தப் படிகங்களை விட்டுப் போயிருக்கிறது. கரும்பச்சைப் பூச்சு பெரும்பாலும் செலடோனைட் என்ற பச்சைக் கனிமம். அது முதலில் படிந்தது, அதன் மேல் ஸ்டில்பைட் வளர்ந்தது. எது சுவரை ஒட்டியிருக்கிறதோ அது மூத்தது. புனே சுற்றுவட்டார குவாரிகள் இந்த வகைக்கு உலகப் பெயர் பெற்றவை. வாகோலியில் கிடைக்கும் கவன்சைட் என்ற அடர்நீலப் படிகத்தைப் பார்க்கவென்றே சேகரிப்பாளர்கள் வருவார்கள். கால்சியமும் வனேடியமும் கலந்த சிலிக்கேட். முதலில் அமெரிக்காவில் ஆரிகனில்தான் கண்டுபிடித்தார்கள், ஆனால் அழகானவை வாகோலியுடையவை.

அ பசால்ட். எடை, காந்தம், மணி, இடம் நாலும் ஒத்துப்போகிறது. ஆ அதே பசால்ட்டின் மேல்பகுதி. இ பெருங்குச்சி பசால்ட். மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஈ எரிமலைக் கல்லே இல்லை. ப்யூமிஸாக இருந்தால் மிதக்க வேண்டும். 1883-இல் கிரகட்டோவா வெடித்தபோது சிதறிய ப்யூமிஸ் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்தே போனது. அதோடு ப்யூமிஸ் உண்டாக வாயு நிறைந்த, பிசுபிசுப்பான குழம்பு வெடித்துச் சிதற வேண்டும். புனேயில் வழிந்தது நீர்த்த பசால்ட் குழம்பு. விண்கல்லும் இல்லை. விண்கல்லில் இப்படிக் குமிழி ஓட்டை இருப்பது மிக மிக அரிது. நீலப்பச்சைக் கண்ணாடி மினுக்கம், ஒரே ஒரு இடத்தில் காந்தம் ஒட்டுவது, ரயில் பாதை ஓரம் கிடந்தது, இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். இரும்பு உருக்கும்போது மேலே மிதக்கும் கசடு அது. உங்கள் பகுதியில் வார்ப்பாலைகளுக்குப் பஞ்சமில்லை, பாதை நிரப்பவும் ரோடு போடவும் கொட்டுவார்கள். காந்தம் ஒட்டிய இடத்தை அரத்தால் தேய்த்துப் பாருங்கள், இரும்புத் துளி வெள்ளையாகப் பளபளக்கும்.

சேலத்து மண்:
அப்படியானால் கைக்குச் சூடாறாத புது எரிமலைக் கல் இந்தியாவில் எங்கேயுமே கிடையாதா?

பாறைமணி:
அந்தமானில் பாரன் தீவு இருக்கிறதே. இந்தியாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். வெகு காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி பொங்கியது. அங்கே ஸ்கோரியா என்ற ஓட்டை நிறைந்த எரிமலைக் கல் உண்டு. ப்யூமிஸைவிடக் கருமை, கனம், தண்ணீரில் மூழ்கும். ஆனால் தீவில் இறங்க அனுமதி கிடையாது, படகிலிருந்து பார்க்கலாம். அதற்கு வடக்கே நார்கொண்டம் தீவு ஆண்டிசைட், டேசைட் வகை.

சிஞ்ச்வட்வாசி:
அரம் போட்டுத் தேய்த்தேன் சார். பட்டாணியில் பாதி அளவுக்கு இரும்புத் துளி, பளிச்சென்று தெரிகிறது. படம் கீழே. ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் மஞ்சர் பக்கம் திரும்பப் போகிறேன், அந்தக் குச்சி அடுக்கு எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்துகொண்டு வருகிறேன். வேறு என்னென்ன குறித்துவர வேண்டும்?

பாறைமணி:
அடுக்கின் அடியும் முடியும் எந்த உயரத்தில் இருக்கின்றன, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்று. குச்சிகள் ஒரே திசையில் படுத்திருக்கின்றனவா, தாறுமாறாகக் கிடக்கின்றனவா என்று. அடுக்குக்குக் கீழே சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனா வையுங்கள், அளவு தெரியும். கல் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம்.